ஒன்றேகால் வினாடி

கால் மைல் கார் பந்தயத்தில் தானே ஓட்டி மூன்றாம் முறையும் தோற்ற மில் முதலாளி மகுடேஸ்வரன், அத்தனை பேர் முன்னாலும் மெக்கானிக் ஆரோக்கியத்தின் சட்டையைப் பிடித்தார்.

"ஆட்டோமேட்டிக் வண்டி, மிதிச்சா பறக்க வேண்டாமா? அடுத்த ஓட்டத்துல ஒரு வினாடி குறையலேன்னா வேலைக்கு வராதே!"

"கொறச்சரலாமுங்க, ஸ்பேனரே வேண்டாம்," என்ற ஆரோக்கியம், நேரம் அச்சடித்த சீட்டை நீட்டினான்.

முதலாளி சத்தமாகவே படித்தார். "கிளம்பினதுலேர்ந்து ஓடின நேரம், நம்ம வண்டி பன்னிரண்டு வினாடி. எதிர் வண்டி பன்னிரண்டரை. அப்புறம் எப்படிடா தோத்தோம்?"

"கீழ் வரியையும் படிங்க."

பச்சை விளக்கு எரிந்தும் முதலாளி வண்டியைக் கிளப்பாமல் இருந்த நேரம், ஒன்றேகால் வினாடி.

கூட்டம் சிரித்தது. ஆரோக்கியம் வேலை போய், டூல் பெட்டியோடு தூறலில் நடந்தான்.

அதன்பின் மூன்று மெக்கானிக்குகள் வந்து போய்விட்டார்கள். அந்த ஒன்றேகால் வினாடி மட்டும் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.