பழைய காளையின் பல்

சந்தை கூடிய நேரத்தில் நடந்த கூத்து இது. மாட்டுத் தரகன் சடையன் எல்லார் நடுவிலும் தலை குனிந்து நின்றான். ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் காளையை நல்ல உழவு மாடென்று சொல்லிப் பொன்னாத்தாள் தலையில் கட்டிவிட்டான். அவள் எதிரிலேயே நின்றாள். அவனால் நிமிர முடியவில்லை.

சந்தைத் தலைவர் அங்கப்பன் மீசையைத் தடவினார். "மத்தவனா இருந்தா ஒரு வருஷம் துண்டைப் பிடுங்கியிருப்பேன். நீ பழைய கேடிடா! கிழட்டுக் காளைக்குப் பல்லை ராவி, இளங்காளைன்னு வித்தவன். உனக்கு ஆயுசுக்கும் துண்டு கிடையாது."

துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் அங்கே விலை பேசுவார்கள். துண்டு போனால் தரகன் வீட்டில் அடுப்பு எரியாது.

"சரிங்க. ஆனா அந்தப் பல்லுக்கு அப்பவே ஒரு வருஷம் துண்டில்லாம சாணி அள்ளிட்டேனே! தீர்ந்த வழக்கை மறுபடி எடுக்கிறதுன்னா முழுசா எடுங்க. ராவினது நான். காளை யாரோடதுன்னு அன்னைக்கு யாரும் கேக்கல, நானும் சொல்லல. இன்னைக்குக் கேளுங்க, சொல்றேன்."

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது. கூட்டம் மொத்தமும் அங்கப்பனைப் பார்த்தது.

"பழசு எதுக்குப்பா இப்ப? ஒரு வருஷமே போதும்."

"போதுங்க. இது நான் செஞ்சதுதான்." சடையன் துண்டை உருவி நீட்டினான். "மன்னிச்சிரு தாயி. மாட்டை நானே திருப்பி எடுத்துக்கறேன்."

நீட்டிய துண்டை வாங்க அங்கப்பன் கை வரவில்லை. தன் தோளில் கிடந்த துண்டைத்தான் அவர் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்.