நாலு மணிக்குத்தான் யோசனை

கொட்டாவிக்குளம் என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவர்கள் ஊர்க்காரர்களிடம் வழி கேட்டுவிட்டு, கிடைத்த பதிலில் மிரண்டு, இந்தத் திசையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவன் செம்புலிங்கம். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. காரணம், யோசனை.

நீங்களும் நானும் யோசிக்கிற மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டையில் எந்தக் கையை முதலில் நுழைப்பது என்று யோசிப்பான். இடது கையை நுழைத்தால் வலது கை வருத்தப்படுமோ என்று யோசிப்பான். கைக்கு வருத்தம் உண்டா என்று யோசிப்பான். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இந்த வெயிலில் சட்டை எதற்கு என்று பனியனோடு மில்லுக்குப் போவான்.

முதலில் பார்த்த பெண்ணின் வீட்டில், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றான். யோசித்தான், யோசித்தான், அப்படி யோசித்தான். ஒரு வழியாக முடிவுக்கு வந்து, வெற்றிலை பாக்கோடு போய் "எனக்குச் சம்மதம்" என்று அவன் சொன்ன அன்றைக்கு, அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் காதுகுத்து. வந்தவனைச் சும்மா அனுப்பக் கூடாதென்று பந்தியில் உட்கார வைத்தார்கள். சோற்றில் முதலில் சாம்பாரா ரசமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இலையை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பெண்ணின் கதையும் இதேதான். பிள்ளை மட்டும் இரட்டை.

தரகர் மூன்றாவதாக ஒரு இடம் கொண்டுவந்தார். பனைவிளையில் தையல் கடை வைத்திருக்கும் வடிவு.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா ஜாதகத்த உன் கையில குடுத்துட்டு ஒரு பெரிய கும்பிடு போட்டுருவேன். பொறவு நீயாச்சு, உன் மாவாச்சு" என்றார்.

செம்புலிங்கம் தரகரின் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் ஆசைதானே! தானே பொங்கித் தின்று நாக்குச் செத்துப்போன மனுஷன். அழுகிற நிலைமையில் தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் கூப்பிட்டான்.

மூன்று பேரும் மூன்று முத்துக்கள். ஐயம்பெருமாள் கண்ணாடி போட்டிருந்தான். அந்த ஒரே காரணத்தால் ஊர் அவனைப் புத்திசாலி என்று நம்பியது. கோட்டைச்சாமி அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான். பிச்சைக்கனி, கோட்டைச்சாமி ஆட்டி முடித்த பிறகு ஆட்டுவான். மூவரும் சேர்ந்து செம்புலிங்கத்தை டவுனுக்கு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார்கள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ஒரு டப்பா வச்சுக்குங்க. தானா ஒரு நினைப்பு வந்தா, உடனே ஒரு சீட்டுல எழுதி அதுல போட்டுருங்க. சாயங்காலம் நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் மட்டும் எடுத்து யோசிங்க. மத்த நேரம் மனசுக்கு லீவு. கூட இருக்கிறவங்களும் கொஞ்சம் பாத்துக்குங்க."

நல்ல வைத்தியம். நல்ல ஆளிடம் சொல்லியிருந்தால் பலித்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முறுக்கு டின்னைக் கழுவித் துடைத்தார்கள். பெட்டிக்காரன் பிச்சைக்கனி. காவல்காரன் கோட்டைச்சாமி. தீர்ப்புச் சொல்ல ஐயம்பெருமாள்.

"ஏல, யோசிக்கியா?" என்று கேட்டான் கோட்டைச்சாமி.

"இல்ல" என்றான் செம்புலிங்கம்.

"இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"யோசிச்சுப் பாத்தேன்."

"புடிச்சாச்சு! எழுதிப் போடுல!" என்று கத்தினான் ஐயம்பெருமாள். 'நான் யோசிக்கேனா' என்று முதல் சீட்டு விழுந்தது.

மறுநாள் மிளகாய் அரைத்த மிஷினைத் துடைக்காமல் செம்புலிங்கம் இடியாப்ப அரிசியைக் கொட்டிவிட்டான். மாவு சிவக்கச் சிவக்க வந்தது. அரிசி கொடுத்த அம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "மாவு ஏன் சிவப்பா இருக்குன்னு நாலு மணிக்கு வந்து கேளுங்க. இப்ப லீவு" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் நாலு மணிக்கு வந்தாள், தனியாக இல்லை, புருஷனோடும் ஒரு விறகுக் கட்டையோடும். அன்றைக்கு யோசனை நேரம் முழுக்க ஓட்டத்திலேயே போனது.

புதன்கிழமை பெண் பார்க்கக் கிளம்பினார்கள். செம்புலிங்கத்துக்குத் தாய் தகப்பன் இல்லாததால் இந்த மூன்று முத்துக்கள்தான் மாப்பிள்ளை வீட்டார். பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் செம்புலிங்கம் நெளிந்தான்.

"பனைவிளை தெக்கதான? பஸ் வடக்க போவுதே?"

"அது உனக்குத் தானா வந்த நினைப்புதான?"

"ஆமா."

"அப்ப எழுதிப் போடு" என்றான் ஐயம்பெருமாள்.

எழுதிப் போட்டுவிட்டு வடக்கே நிம்மதியாகப் போனார்கள். டிக்கெட் போட வந்து, பனைவிளை என்று கேட்ட கண்டக்டர்தான் தலையில் அடித்துக்கொண்டு, இறக்கி, எதிரே வந்த பஸ்ஸில் பிடித்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் செம்புலிங்கத்தின் செருப்பில் ஒன்று ரோட்டிலேயே கிடந்துவிட்டது. பஸ் நின்றுதான் இருந்தது, குனிந்தால் எடுத்திருக்கலாம். 'செருப்பை எடுக்கலாமா' என்று சீட்டு எழுதி முடிக்கையில் பஸ் இரண்டு ஊர் தாண்டியிருந்தது.

மூன்று மணிக்குப் பனைவிளையில் வடிவின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். வடிவின் தகப்பனார் சங்கரபாண்டி, மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பாய் விரித்தார். பாவம், நல்ல மனுஷர்.

வடிவு காப்பி கொண்டுவந்தாள். துணி அளக்கிற டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டாள். அது நினைவுக்கு வந்ததும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். செம்புலிங்கம் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். சட்டைக்கு எந்தக் கை, சோற்றுக்குச் சாம்பாரா ரசமா, ஒன்றும் அவன் மண்டையில் இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மனசு ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னது: புடிச்சிருக்கு.

"காப்பிக்குச் சீனி போதுமா?" என்று கேட்டாள் வடிவு.

"நாலு மணிக்குச் சொல்லுதேன்" என்றான், பழக்க தோஷத்தில்.

சங்கரபாண்டி தொண்டையைச் செருமினார். "தம்பி, பொண்ணு புடிச்சிருக்கா?"

செம்புலிங்கம் வாயைத் திறந்தான். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் சொல்லியிருப்பான், கல்யாணமும் முடிந்திருக்கும். ஐயம்பெருமாள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான்.

"யோசிச்சியால?"

"இல்லடே! யோசிக்கவே இல்ல. தானா வந்துது!"

"தானா வந்துதா? ஐயோ, அதாம்ல வியாதி! டாக்டரம்மா என்ன சொன்னாங்க? தானா வந்தா எழுதிப் போடணும்."

கோட்டைச்சாமி தலையாட்டினான். பிறகு பிச்சைக்கனி ஆட்டினான். 'புடிச்சிருக்கு' என்ற சீட்டு டின்னுக்குள் விழுந்தது. செம்புலிங்கத்துக்கு அழுகை முட்டியது. அழலாமா என்று அதற்கும் ஒரு சீட்டு எழுதினான்.

இதையெல்லாம் வடிவு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விவரம் கேட்டாள். டின்னின் மகிமையை ஐயம்பெருமாள் கால் மணி நேரம் விளக்கினான்.

"அப்படியா? எனக்கும் ஒரு சீட்டு குடுங்க" என்றாள். விறுவிறுவென்று எழுதி, மடித்து, உள்ளே போட்டாள். சங்கரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாலு அடித்தது. பிச்சைக்கனி பயபக்தியோடு டின்னைத் திறந்து, மேலாக இருந்த சீட்டை எடுத்து வாசித்தான்: "'இந்த ஆளு தேவையா?'"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது யாரு எழுதினது?" என்றான் கோட்டைச்சாமி.

"யாரு எழுதினா என்ன, டப்பாவுக்குள்ள வந்தாச்சுன்னா நம்ம கவலை. எந்த ஆளுன்னுதான் தெரியல" என்றான் ஐயம்பெருமாள்.

"எனக்குத் தெரியும், சொல்லுதேன்" என்றாள் வடிவு. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "ஒருத்தர் என்னையக் கட்டிக்கிடணும்னு வந்திருக்காரு. காப்பிக்குச் சீனி போதுமான்னா சொல்லத் தெரியல. புடிச்சிருக்கான்னாலும் சொல்லத் தெரியல. அவர் வாயத் தொறக்கணும்னா கூட வந்தவுக சம்மதிக்கணும். அந்த ஆளு எனக்குத் தேவையா?"

செம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இவ்வளவு நல்ல பெண்ணுக்கு இப்படி ஒரு இம்சையா! அவனுக்கு ரத்தம் கொதித்தது.

"ஆளு படிச்சிருக்கானா?" என்றான்.

"எழுதத் தெரியும். அது ஒண்ணுதான் தெரியும் போல."

"தொழில்?"

"மாவு அரைக்காராம்."

"நம்ம தொழில்காரன்தானா! தொழிலுக்கே கேவலம்" என்று காறினான் செம்புலிங்கம்.

வாழ்நாளில் அப்படி அவன் யோசித்ததில்லை. கண்ணை மூடி, நெற்றி சுருங்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் புரட்டி யோசித்தான். ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கண்ணைத் திறந்து, தொடையைத் தட்டி, தீர்மானமாகச் சொன்னான்: "வேண்டாம்மா. அவன் சரியான கோட்டிப்பய. வீட்டுப் பக்கம் அண்ட விடாதீங்க!"

ஐயம்பெருமாள் கை தூக்கினான். கோட்டைச்சாமி தூக்கினான். பிச்சைக்கனி தூக்கினான். எல்லோருக்கும் முந்தி வடிவு தூக்கியிருந்தாள்.

ஐந்து அடித்தது. டின்னை மூடினார்கள். சங்கரபாண்டி எழுந்து, வாசல்வரை வந்து, கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுச் சாத்திக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் செம்புலிங்கத்துக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது.

"ஏல, அந்த ஆளு நானா இருப்பேனோ?"

"மணி அஞ்சு பத்து" என்றான் ஐயம்பெருமாள்.

எழுதிப் போட்டான். போட்டதும் மனசு பஞ்சாகிவிட்டது. டாக்டரம்மா கைராசிக்காரிதான்.

"எப்படியோ, குறுக்க நின்ன அந்தப் பயலைத் தொரத்தியாச்சு" என்றான் செம்புலிங்கம், கைகளைத் தேய்த்துக்கொண்டே. "நாளைக்கு நாலு மணிக்கு நான் போயி புடிச்சிருக்குன்னு சொன்னா, போட்டிக்கு ஒரு ஆளு கிடையாது!"

மூன்று முத்துக்களும் அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அந்த நேரத்தில் ஊருக்குப் போகிற கடைசி பஸ் வந்து, நின்று, போனது.