ஓசூரை நிறுத்திய காயில்

முதலில் ஆலை கேன்டீனில் மோரை நிறுத்தினார்கள். அடுத்து, சாலிடர் புகையை இழுக்கும் மின்விசிறியைக் கழற்றி மேலாளர் அறையில் மாட்டினார்கள். மூன்றாவதாக, சங்கத் தலைவரான எனக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். நான்காவதாகத்தான் பிலோமினா மீது கை வைத்தார்கள். காயில் என்கிற கம்பிச்சுருளை வைத்து இருபத்துநான்கு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் போர்டுகள், அவள் சாலிடர் வைத்தவை, நாற்பது கருகிப்போயின. குற்றம் அவள் கையில் என்றது நிர்வாகம்.

பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை. அவளையும் அவளுக்குச் சாட்சி சொல்ல வந்த மூன்று பேரையும் ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்காரவைத்துச் சொன்னேன்:

“டிசைன் தலைவர் கார்மேகவண்ணன் அதே சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாராம். கருகவே இல்லையாம். இன்றைக்கு விசாரிக்கப் போகிறவரும் அவரே! எப்படி ஐயா கருகும்? சாஃப்ட்வேரில் இருக்கிற காயிலுக்குச் சூடு கிடையாது, களைப்பு கிடையாது, லீவு கேட்காது. நிர்வாகம் தவமிருந்து தேடுகிற தொழிலாளி! நேற்று நானே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆலை ஸ்டோரில் நிஜமாக வாங்கிய காயிலின் அளவைப் போட்டு ஓட்டினேன்.”

“உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா தோழர்?” என்றான் டெஸ்டிங் பிரிவு எட்டியப்பன்.

“நாற்பது வருஷம் துண்டறிக்கை படித்தவன் நான். சாஃப்ட்வேர் புத்தகம் முந்நூறு பக்கம், ஒரு டீ ஆறுவதற்குள் முடித்தேன். ஓட்டியதும் மின்சார அலை திரையில் அடங்காமல் மேஜைக்கு இறங்கியது. மவுஸ் தோசைக்கல்லாகச் சுட்டது. சென்டர்காரர் அதில் ஆம்லெட் போட்டார்.”

“வெங்காயம் போட்டாரா?” என்றான் பேக்கிங் பிரிவு ருக்மாங்கதன்.

“பச்சை மிளகாயும் போட்டார், குறுக்கே பேசாதே. ஊர் மின்சாரமெல்லாம் அந்தக் காயிலுக்கு ஓடி வந்தது. ஓசூரே நின்றது. பெங்களூரு ரயிலும் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, ‘ஸ்டாப் பட்டனை அமுக்குங்க சாமி’ என்று காலில் விழுந்தார். பிலோமினாவின் வேலைக்கு உத்தரவாதம் கொடுக்கும்வரை அமுக்கமாட்டேன் என்றேன். கடைசியில் காயிலே திரையைவிட்டு எழுந்து வந்து அழுதது: ‘தோழர், நான் ஒரு ஆம்ப் கரண்ட் தாங்குறவன். மூணு ஆம்ப் வேலை வாங்குறாங்க.’ அங்கேயே சங்கத்தில் சேர்த்துவிட்டேன். உறுப்பினர் அட்டையில் ஒட்டப் போட்டோதான் பாக்கி.”

கடையே சிரித்தது. பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை.

“உள்ளே இதைச் சொன்னா என் வேலை மட்டும் இல்லண்ணே, இவங்க வேலையும் போகும்,” என்றாள். “நெசமா ஏதாவது இருக்கா?”

மேடையில் செருப்பு விழுந்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்டோரின் வரைபட நகலை எடுத்து எட்டியப்பனிடம் நீட்டினேன்.

அவன் விரல் வைத்துப் படித்தான். “காயில், மூணு ஆம்ப். அதைப் பேனாவால அடிச்சிருக்கு. ‘விலை குறைவு, ஒரு ஆம்ப் போதும்’னு எழுதியிருக்கு.”

“கீழே கையெழுத்து யாருடையது? மூன்று சாட்சிக்கும் கேட்கட்டும்.”

எட்டியப்பன் எழுந்து நின்றான். குரலைச் சரிசெய்துகொண்டு படித்தான்:

“கார்மேகவண்ணன்.”