சுவிட்ச் இல்லாத வீடு

“அம்மா தினமும் அழுகிறாங்க சாமி. ஏன்னுதான் தெரியலை.”

சொன்னவர் மயில்வாகனன். வயது ஐம்பத்திரண்டு. கட்டடத்துக்கு வரைபடம் போடுவதில் ஊரறிந்த கை. ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றில் குடியிருந்த சாமியிடம் பதினெட்டு வருஷமாக வந்துபோகிற சீடர். சாமி சொல்வதில் பாதியைத்தான் கேட்பார். மீதிக்கு அவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது.

“உடம்புக்கு என்ன?”

“வாதம் வந்து படுக்கையோட இருக்காங்க. கை கால் வராது. பேச்சும் போயிருச்சு. கண்ணு மட்டும்தான் அசையும்.”

“எங்கே வெச்சிருக்கே?”

மயில்வாகனன் முகம் மலர்ந்தது.

“நான் கட்டின புது வீட்டுல சாமி. சுவிட்சே கிடையாது. விளக்கு, ஃபேன், ஜன்னல், கதவு எல்லாத்தையும் வீடே பார்த்துக்கும். இதே மாதிரி முந்நூறு வீடு கட்டியாச்சு. தை மாசம் குடியேறப் போறாங்க. அதுக்கப்புறம் இந்த ஊர்ல கஷ்டம்னு ஒண்ணு இருக்காது.”

“அவ்வளவு நல்ல வீட்டுல அழுகை எதுக்கு?”

“பழைய வீட்டு நினைப்பா இருக்கும். நீங்கதான் வந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லணும்.”

மறுநாள் காலை சாமி வந்தார்.

வாசலில் கால் வைத்ததும் கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. வெள்ளைச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. அழகான வீடுதான், பொய் சொல்லக் கூடாது.

அம்மா தெய்வானை கட்டிலில் கிடந்தார். நர்ஸம்மா குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார். இனி மதியம்தான் வருவார்.

“பாருங்க சாமி. நான் பக்கத்துல இருந்தா அழ மாட்டாங்க.”

சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நீயும் உட்காரு. நான் சொல்ற வரைக்கும் அசையாதே.”

“தியானமா சாமி?”

“உட்காருப்பா.”

உட்கார்ந்தார். பத்து நிமிஷம் போயிருக்கும்.

முதலில் ஃபேன் நின்றது. பிறகு விளக்கு அணைந்தது. ஜன்னல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் தாமே இறங்கின. வெயில் ஒரு கோடாகச் சுருங்கி, அதுவும் போனது. கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாகச் சொன்னது.

“வீட்டில் யாரும் இல்லை.”

அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவரே மயில்வாகனன்தான். ஆனால் உள்ளே இருந்து அதை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் நுழையும்போதெல்லாம் விளக்கு எரிந்தது. நர்ஸம்மா நுழையும்போதும் எரிந்தது. ஆள் இருந்தால் அசைவு இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வீட்டைக் கட்டியிருந்தார்.

இருட்டில் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்ட சத்தம். அது நிற்கவில்லை.

“சாமி, அம்மா பயப்படுறாங்க.”

“ஆமா.”

“கையை ஒரு தடவை ஆட்டினாப் போதும். விளக்கு வந்துரும்.”

“யாரு ஆட்டறது?”

மயில்வாகனன் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

“ஆத்தா, பயப்படாதீங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்,” என்றார் சாமி.

சத்தம் கொஞ்சம் தணிந்தது.

“மணி என்னப்பா இருக்கும்?”

“ஒன்பதரை இருக்குங்க.”

“நீ வேலைக்குப் போனா எத்தனை மணிக்குத் திரும்புவே?”

“ஏழு மணிக்குங்க சாமி.”