தொபியாஸின் பாதி

“டீச்சர், கஸ்பார் வாயை அடைக்கிற மாதிரி ஒரு புத்தகம் குடுங்க.”

தொபியாஸ் படிப்பகத்துக்குள் வந்ததும் இதைத்தான் சொன்னார். வணக்கம்கூட இல்லை.

பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த அமலோற்பவம் டீச்சர் நிமிரவில்லை.

“செருப்பு,” என்றார்.

தொபியாஸ் வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

அவருக்கு அறுபது வயது. டீச்சருக்கு நாற்பதுகூட இல்லை. ஆனாலும் அவர்தான் சீடர், இவர்தான் குரு. வயதுப்படிதான் நடக்கணும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஊருக்கு ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் உப்பளம், நடுவில் இந்தப் படிப்பகம். நாட்டு நடப்பு புரியாதவர்கள் நேராக இங்கேதான் வருவார்கள். “எங்கேயோ சண்டையாம், எதுக்கு டீச்சர்?” என்பார்கள். டீச்சர் பதில் சொல்ல மாட்டார். சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டுவார். பஞ்சம், எண்ணெய், எல்லைத் தகராறு, எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு புத்தகம் வைத்திருப்பார்.

“எதுக்கு வாயை அடைக்கணும்?” என்று கேட்டார் டீச்சர்.

“நான் சொல்றது சரி. அவன் சொல்றது தப்பு. அதான்.”

“எதைப் பத்தி?”

“உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்.”

ஊருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, அதனால் சுருக்கமாக.

கஸ்பார், தொபியாஸின் தங்கச்சி புருஷன். போன வருஷம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. துறைமுகத்தைப் பெரிதாக்க உப்பளத்தில் ஒரு பகுதியை எடுக்கப் போகிறார்களாம். “எடுத்தா எடுக்கட்டும், நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்,” என்றார் கஸ்பார். அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

தொபியாஸின் அப்பா உப்பளத்துக்காரர். “அன்னைக்கு உங்கப்பன் பண்ணினதைத்தான் இன்னைக்கு நீ பண்ணுத,” என்றார் தொபியாஸ்.

அன்னைக்கு என்றால், அப்பாக்கள் காலத்து வேலைநிறுத்தம். துறைமுகமும் உப்பளமும் சேர்ந்து நடத்தியது. தோற்றுப்போனது. யாரால் தோற்றது என்பதுதான் சண்டை. இரண்டு அப்பாக்களும் செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சண்டை மட்டும் நன்றாக இருக்கிறது.

பேப்பரில் அந்தச் செய்தி வந்த அன்றோடு தொபியாஸ் தங்கச்சி வீட்டு வாசலை மிதிப்பதை விட்டார். வரும் திங்கட்கிழமை அந்த வீட்டில்தான் கஸ்பாரின் மகள் ரீத்தாவுக்குக் கல்யாணம். ரீத்தாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். இந்த மனுஷன்தான்.

“திங்கட்கிழமை போறீங்களா அண்ணாச்சி?”

“அவன் தப்புன்னு ஒத்துக்கட்டும், போறேன்.”

“ரீத்தா?”

தொபியாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குக் கடலில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர்.

“அதனாலதான் சீக்கிரம் கேக்கேன். இன்னைக்கே வெள்ளிக்கிழமை ஆயிட்டு.”

“அந்த வேலைநிறுத்தத்தைப் பத்தி ஏற்கெனவே ஒரு புத்தகம் குடுத்தேனே?”

“மனப்பாடமே பண்ணிட்டேன் டீச்சர்! துறைமுகத்துக்காரன் உப்பளத்தைக் கைவிட்டுட்டு, முதலாளிகிட்ட தனியாப் போய்க் கையெழுத்துப் போட்டான். தெளிவா இருக்கு. ஆனா அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? உப்பளத்துக்காரன்தான் முதல்ல வேலைக்குத் திரும்பினானாம். அதே புத்தகத்துல இருக்காம். புளுகு! ஒரு எழுத்து விடாமப் படிச்சிருக்கேன். அப்படி ஒரு வரி கிடையாது.”

“அந்தப் புத்தகத்தைக் கொண்டு வாங்க.”

கொண்டு வந்தார். டீச்சர் முதல் பக்கத்தைத் திறந்தார். அதில் பக்க எண் இருநூற்றுப் பதினேழு என்று போட்டிருந்தது.

படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தடிப் புத்தகம் ஒரு பிரதிதான் இருக்கும், கேட்பவர்கள் நிறையப் பேர். டீக்கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்களே, அந்த மாதிரி டீச்சர் புத்தகத்தை நடுவில் அறுத்துவிடுவார். இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தைத்து, பழைய காலண்டர் அட்டை போடுவார். ஒருத்தர் முன்பாதி படிப்பார், ஒருத்தர் பின்பாதி. முடித்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

“முன்பாதி எங்கே?”

“அவன்கிட்ட.”

“மாத்திக்கலையா?”

“மாத்திக்கப் போற நேரத்துலதான் சண்டை வந்துட்டே.”

“ஒரு வருஷமாவா?”

“எதுக்கு மாத்தணும்? கடைசியில என்ன ஆச்சுன்னு என் பாதியில இருக்கு. அது போதாதா?”

டீச்சர் புத்தகத்தை மூடினார். திட்டப்போகிறார் என்று தொபியாஸ் நினைத்தார். டீச்சர் திட்டவில்லை.

“கஸ்பார் அண்ணாச்சி காலையில வந்தாரு.”

“எதுக்கு?”

“உங்க வாயை அடைக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேணுமாம்.”

தொபியாஸ் ஓரடி முன்னால் வந்தார்.

“குடுத்துட்டீங்களா?”

“இல்லை.”

“அப்பாடா.”

“உங்களுக்கும் கிடையாது. எடுத்த புத்தகத்தை முழுசாத் திருப்பாம அடுத்தது இல்லை.”

“இந்தாங்க, திருப்பிட்டேன்.”

“இது பாதி.”

“மீதி அவன்கிட்ட இருந்தா நான் என்ன பண்ணட்டும்?”

டீச்சர் மறுபடியும் பேப்பர் அடுக்க உட்கார்ந்துவிட்டார். குருமார்கள் இப்படித்தான். முக்கியமான கேள்வி கேட்கும்போது வேறு வேலை பார்ப்பார்கள்.

சனிக்கிழமை கஸ்பார் வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொபியாஸ் தெருவிலேயே நின்றார், பாதிப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. பந்தல்காலைப் பார்த்துப் பேசினார்.

“முன்பாதி வேணும். டீச்சர்கிட்ட ஒப்படைக்கணும்.”

கஸ்பார் வீட்டுக்குள்ளே பார்த்துப் பேசினார். “பிலோமி, பின்பாதியை இங்கே வச்சிட்டுப் போகச் சொல்லு. ஒப்படைக்க எனக்கும் தெரியும்.”

பிலோமி வாசலுக்கு வந்தாள். கையில் தேங்காய் மூடி. அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்லா? எனக்குத் துருவுத வேலை கிடக்கு.”

போய்விட்டாள்.

“நீ முதல்ல குடு,” என்றார் தொபியாஸ்.

“நீரு முதல்ல குடும்.”

யாரும் கொடுக்கவில்லை. பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் கஸ்பாருக்கு வெட்கமாகிவிட்டது.

“நம்பிக்கை இல்லைன்னா வந்து உக்காரும். நானே வாசிக்கேன். காதைத் தீட்டிக்கிட்டுக் கேளும்.”

பெஞ்சின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் இவர். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

கஸ்பார் நல்ல சத்தமாக வாசித்தார். உப்பளத்துக்காரர்கள் வேலைக்குத் திரும்பிய இடம் வந்தது. இருந்தது. அச்சில் இருந்தது.

“இரு,” என்றார் தொபியாஸ். “திரும்ப வாசி.”

கஸ்பார் திரும்ப வாசித்தார். இந்தத் தடவை சத்தம் குறைந்துவிட்டது. ஏனென்றால் அடுத்த வரியில், வேலைநிறுத்தக்காரர்களுக்கு வந்த அரிசி துறைமுகத்தோடு நின்றுபோனது என்று இருந்தது. உப்பளத்துக்கு ஒரு மணிகூடப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

“இதை நீ ஒரு நாளும் சொல்லலையே?”

“நீரு கேட்டீரா?”

தொபியாஸ் வாயை மூடிக்கொண்டார். கஸ்பார் மேலே வாசித்துக்கொண்டே போனார். உப்பளத்தார் திரும்பிய பிறகும் துறைமுகம் வேலையை நிறுத்தியே வைத்திருந்தது. இப்போது பட்டினி துறைமுகத்துக் குடியிருப்பில். கடைசிப் பக்கம் வந்தது.

“‘விடிந்தபோது குடியிருப்பின் வாசலில் உப்பளத்துப் பெண்கள்’,” என்று வாசித்து நிறுத்தினார்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான். பாதி முடிஞ்சிட்டு.”

“அங்கே எதுக்கு வந்தாளுவ?”

“எதுக்கு வருவாளுவ? சண்டைக்குத்தான். விளக்கமாத்தோட வந்திருப்பாளுவ. ஒரு வருஷமா எனக்கு அதை நினைச்சாலே எரியும்.”

தொபியாஸ் தன் பாதியைத் திறந்தார். முதல் வரி. தலை இல்லாத வரி. யார் என்று தெரியாமல், முதலாளியின் ஆட்களாக இருக்கும், ஆசை காட்டிக் கையெழுத்து வாங்க வந்திருப்பார்கள் என்று தானாகவே முடிவு கட்டித் தாண்டிப்போன வரி.

“‘கஞ்சிப் பானையோடு நின்றார்கள்’,” என்று வாசித்தார்.

உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

கஸ்பார் பெஞ்சில் நகர்ந்து வந்து அந்த வரியைத் தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு தன் கடைசிப் பக்கத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எங்கப்பா அதைக் குடிச்சிருப்பாரு மச்சான்.”

“எங்கம்மா தூக்கிட்டு வந்திருக்கும்,” என்றார் தொபியாஸ்.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் வந்த ‘மச்சான்’ அது. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

“சரி, மேலே வாசியும்.”

தொபியாஸ் வாசித்தார். கையெழுத்துப் போட்ட இடம் வந்தது. இந்த இடத்தைத்தான் அவர் ஊரெல்லாம் கத்தியிருந்தார். இப்போது முணுமுணுப்பாக வாசித்தார்.

“சத்தமா வாசியும்,” என்றார் கஸ்பார். “எங்கப்பன் பேரு வருதாக்கும்? வரட்டும். கேக்கேன்.”

பந்தல்காரர்களும் இறங்கி வந்து கேட்டார்கள். பந்தல் அன்று முடியவில்லை. பிலோமி எல்லோரையும் திட்டினாள். அண்ணனுக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டுத் திட்டினாள்.

திங்கட்கிழமை கோயிலில் இருந்து திரும்பியதும் தொபியாஸ் ரீத்தாவுக்கு மாமன் மாலை போட்டார். அவள் அவர் காலைத் தொட்டதும் அழுதுவிட்டார். “மாமா, மை கலையும், என்னையும் அழவைக்காதீங்க,” என்றாள் ரீத்தா.

டீச்சர் வந்தார். கஸ்பார் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு பாதிகளும் ஒன்றாக, வலை பின்னுகிற நூலால் தைக்கப்பட்டிருந்தன. தையல் கோணல்தான். ஆனால் இழுத்தால் வராது.

டீச்சர் புரட்டிப் பார்த்தார்.

“அப்போ யாரு சொன்னது சரி?”

“டீச்சர், அது என்னன்னா,” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

“உப்பளத்துக்காரன் முதல்ல வேலைக்குப் போனது நிஜம்...” என்றார் கஸ்பார்.

“அரிசியை யாரு நிறுத்தினா?”

“நான் நிறுத்தினேனா?”

“அப்பா! மாமா!” என்று ரீத்தா மேடையிலிருந்து கத்தினாள். “போட்டோ!”

போய் நின்றார்கள். இரண்டு பக்கமும் விறைப்பாக. போட்டோ எடுத்ததும் மறுபடி டீச்சரிடம் வந்துவிட்டார்கள்.

“முழுசாத் திருப்பிட்டோம். அடுத்தது?” என்றார் தொபியாஸ்.

டீச்சர் பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தார். ஆற்றுத் தண்ணீருக்காக நாடுகள் அடித்துக்கொள்வதைப் பற்றியது. புத்தம் புதுசு. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளிடம் கத்தியை வாங்கினார். நடுவில் விரித்தார். அறுத்தார்.

“யாருக்கு முன்பாதி?”

“மச்சானுக்கே குடுங்க டீச்சர்,” என்றார் கஸ்பார். “பாவம், அவரு எதையும் முதல்லேருந்து படிச்சதே இல்லை.”

தொபியாஸ் முன்பாதியை வாங்கிக்கொண்டார். பின்பாதியையும் வாங்கி, கஸ்பாரின் கையில் திணித்தார்.

“சீக்கிரம் படிச்சு முடி மாப்ள. அது எனக்கு வேணும்.”