சுக்குட்டிபாளையத்துச் சகோதரர்கள் பிளக் மாட்டிய கதை

சுக்குட்டிபாளையத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள், அது எப்படி என்பதுதான் ஊருக்கு விளங்காத விஷயம். மூத்தவர் சென்னியப்பன், நடு ஆள் அப்பாச்சி, கடைசி நாச்சிமுத்து. மூவருக்கும் சேர்த்து ஒரு குட்டி லாரி. பெட்ரோலில் ஓடுவது. என்ஜின், டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே.

நாச்சிமுத்துவுக்கு முப்பத்தாறு வயதில் ஒரு பெண் அமைந்தது. பள்ளக்காட்டூர் ராக்கியப்பன் மகள் கோகிலவாணி. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள் நிச்சயம். பெண் வீட்டில் நாற்காலி பற்றாது என்றதால், எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை மாப்பிள்ளை வீட்டாரே லாரியில் கொண்டுவருவதாக ஏற்பாடு.

அன்று காலை பார்த்து வண்டி இருமியது. புது ஸ்பார்க் பிளக் மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் ஒன்றைக் கொடுத்து, "முதல்ல கையால முறுக்குங்க. அப்புறம் ஸ்பேனரைப் போட்டு ஒரு பிடி பிடிங்க, போதும்" என்றார்.

சென்னியப்பன் ஒரு பிடி பிடித்தார். பிளக் இறுகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

"ஒரு பிடின்னு சொன்னாரே, மொத்தத்துக்கு ஒரு பிடியா, ஆளுக்கு ஒரு பிடியா?" என்றார் அப்பாச்சி.

யோசித்தார்கள். வண்டி மூவருக்கும் பொது. அதனால் ஆளுக்கு ஒரு பிடி என்று முடிவானது. அப்பாச்சி பிடித்தார். நாச்சிமுத்துவின் முறை வந்தபோது ஸ்பேனர் அசையவில்லை. அதன் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி மூன்று பேரும் தொங்கினார்கள். உள்ளே 'கறக்' என்றது. அதன் பிறகு பிளக் தாராளமாகச் சுற்றியது.

"மொதல்ல முரண்டு பண்ணுச்சு. இப்பப் பாருங்ணா, சுண்டு விரல்ல தொட்டாலே சுத்துது" என்றான் நாச்சிமுத்து.

"பழகிருச்சுடா" என்றார் சென்னியப்பன்.

கரட்டுமேடு ஏறி முடித்து, பள்ளக்காட்டூருக்கு இறங்கும் சரிவின் தலைமாட்டுக்கு வந்தபோது சீட்டுக்கு அடியில் 'டொப்' என்று ஒரு சத்தம். சென்னியப்பன் சீட்டோடு அரையடி எழும்பி, மறுபடி உட்கார்ந்தார். தொடர்ந்து 'புஸ், புஸ், புஸ்' என்று கேட்டது. அவர் தம்பிகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானில்லீங்ணா" என்றார் அப்பாச்சி.

"நான் காலைல இருந்து ஒண்ணுமே திங்கலீங்ணா" என்றான் நாச்சிமுத்து.

சீட்டைத் தூக்கினால், பிளக் வெளியே வந்து ஒயரோடு படுத்திருந்தது. அப்பாச்சி அதை எடுத்து ஓட்டையில் விட்டார். விழுந்தது. இழுத்தார். வந்தது. இப்படி நாலைந்து தடவை செய்துவிட்டு, "போகவும் வரவும் ஒரு குறையும் இல்ல" என்றார்.

தாராபுரம் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ரங்கநாயகி அக்காவுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்.

"முறுக்கினா இறுகுதா, சும்மா சுத்துதா?" என்று கேட்டார் அக்கா.

"சும்மா சுத்துதுங்க்கா. நல்லாச் சுத்துது" என்றார் சென்னியப்பன்.

"இழுத்தா கையோட வருதா?"

"கூப்பிட்டாலே வருதுங்க்கா."

"பிளக்குல வெள்ளைக் கம்பிச் சுருள் மாதிரி ஏதாச்சும் ஒட்டியிருக்குதா?"

"ஆமாங்க்கா. முறுக்குச் சுட்டாப்பல இருக்குது."

அக்கா பெருமூச்சு விட்டார். "ஓட்டைக்குள்ள பிளக் இறங்கறதுக்குச் சுத்திச் சுத்தி வரி வெட்டியிருக்குமே, அந்த மரை தேஞ்சுபோச்சு. நான் வர்றேன். அதுவரைக்கும் உள்ள தூசி விழாம ஓட்டைய மூடி வைங்க. ஆனா ஒருத்தரும் அதுல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

போனை வைத்ததும் அப்பாச்சி, "தேஞ்சதுக்கு எதுக்குங்ணா கவலை? நிலாக்கூடத்தான் தேயுது. அப்புறம் வளரலையா?" என்றார்.

"இன்னைக்குத் தேய்பிறையா, வளர்பிறையா?" என்றார் சென்னியப்பன்.

"நிச்சயத்தை வளர்பிறையிலதானே வைப்பாங்க?" என்றான் நாச்சிமுத்து.

"அப்படின்னா இந்நேரம் வளர ஆரம்பிச்சிருக்கோணுமே."

மூன்று தலைகளும் ஓட்டைக்கு மேலே குனிந்தன. வெகுநேரம் பார்த்தார்கள். "இன்னும் முளைக்கல. பௌர்ணமிக்குள்ள வந்துரும்" என்று சென்னியப்பன் நிமிர்ந்தார்.

அடுத்தது ஓட்டையை மூடும் வேலை.

"ஒரு துணியை வச்சு அடைக்கலாம்" என்றார் அப்பாச்சி.

"துணியை எதால வைப்பே?"

"கையால."

அவரே வாயைப் பொத்திக்கொண்டார். கை வைக்கக் கூடாது என்றால் மிச்சம் இருப்பது கால். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிக் கால்விரல்களைத் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். நாச்சிமுத்துவின் இடது கால் சுண்டு விரல் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது.

"சூடா இருக்குதாடா?" என்று அண்ணன் பாசத்தோடு கேட்டார்.

"இருக்குதுங்ணா. நிச்சயம்னா கொஞ்சம் இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன்."

அரை மணி நேரத்தில் ரங்கநாயகி அக்கா மொபெட்டில் வந்தார். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை, என்ஜினுக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். பக்கத்தில் இரண்டு அண்ணன்களும் காவல்.

"ஒருத்தரும் கை வைக்கலீங்க்கா" என்றார் சென்னியப்பன்.

அக்கா ஆயில் டப்பாவைத் திறந்தார். அந்த விரல் வெளியே வரக் கால் லிட்டர் ஆயில் செலவானது.

பிறகு பையைப் பிரித்தார். "பழைய ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, புதுசா மரை வெட்டி, அதுல இந்தச் சின்ன இரும்புக் குழாயை இறக்கப்போறேன். குழாய்க்கு உள்ளயும் மரை இருக்குது பாருங்க. பிளக் அதுல உக்காந்துக்கும்."

அண்ணன் தம்பிகள் ஒதுங்கிப் போய்க் கூடிப் பேசினார்கள். ஓட்டையால் வந்த வினைக்கு ஓட்டையைப் பெரிதாக்குவது அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பல் டாக்டரும் அப்படித்தான் செய்தார் என்று அப்பாச்சி சொன்னதும் சம்மதித்தார்கள்.

அக்கா மரை வெட்டும் கருவியில் கிரீஸைத் தடவினார். வெட்டும்போது உதிரும் தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் தப்பி ஒன்றிரண்டு உதிரலாம் என்று, "அப்பாச்சி, தூள் உள்ள விழாமப் பாத்துக்க" என்றார்.

அப்பாச்சி கண் இமைக்காமல் பார்த்தார்.

"ஏதாச்சும் விழுந்துதா?" என்று அக்கா வேலை முடிந்ததும் கேட்டார்.

"பதினொண்ணு விழுந்துச்சுங்க்கா. ஒண்ணுகூட விடாமப் பாத்தேன்."

அக்கா கருவியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். பிறகு குழாயை இறக்கி முடித்துவிட்டு டிரைவர் பக்கம் ஏறினார். பிளக் இல்லாமல் என்ஜினைச் சுற்ற விட்டால், காற்றோடு தூளும் அந்த ஓட்டை வழியாகவே வெளியே தெறித்துவிடும். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று, சாவியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"மூணு பேரும் தள்ளி நில்லுங்க."

வண்டி நின்றது சரிவின் தலைமாட்டில். ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. உண்மையில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தது சக்கரத்துக்கு அடியில் கிடந்த ஒரு கல். தள்ளுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று நாச்சிமுத்து அதை எடுத்துப் போட்டான். மூன்று பேரும் பின்னால் போனார்கள். தள்ளினார்கள். நின்றார்கள்.

வண்டி நிற்கவில்லை.

எண்பது நாற்காலிகளும் ரங்கநாயகி அக்காவும், சத்தமே இல்லாமல், இரண்டு கிலோமீட்டர் சரிவில் இறங்கிப் போனார்கள். அண்ணன் தம்பிகள் பின்னால் ஓடினார்கள். சுண்டு விரல் காரணமாக மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஓடினான்.

பள்ளக்காட்டூர் எல்லையில் நாற்பது பேர் ரோட்டில் வரிசை கட்டி நின்றார்கள். நெற்றிக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஹார்ன் அடித்தார். விலகி வழி விட்டார்கள். என்ஜின் ஓடாததால் அரைகுறையாகப் பிடித்த பிரேக்கை மிதித்து மிதித்து, எப்படியோ பந்தலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், நாற்பது பேரும் மறுபடி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ராக்கியப்பன் யாருங்க? மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்துருச்சு" என்றார் அக்கா.

பெண்ணின் அப்பா திரும்பாமலே பதில் சொன்னார். "கொஞ்சம் மறைக்காம நில்லுங்கம்மா. மாப்பிள்ளை வர்ற வழியைப் பாத்துட்டே இருக்கோணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. வண்டியைப் பாக்கச் சொல்லலீங்க."

அக்காவுக்கு இந்தச் சம்பந்தம் எப்படிக் கூடி வந்தது என்று புரிந்தது. வண்டிக்குத் திரும்பிப்போய் சாவியைத் திருகித் தூளை வெளியேற்றினார். பிளக்கைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தார். ஸ்டார்ட் செய்தார். என்ஜின் தையல் மெஷின்போல ஓடியது.

அதற்குள் அண்ணன் தம்பிகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். நாற்பது பேர் ஒரே பக்கம் பார்ப்பதைக் கண்டு, அங்கே ஏதோ இருக்கிறதென்று அவர்களும் வரிசையில் நின்று மேட்டைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையோடு நின்றது கோகிலவாணி. அவளும் திரும்பவில்லை.

மணி பத்து இருபது. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"எல்லாரும் இங்க நின்னு என்ன பண்றீங்க? நல்ல நேரம் போயிட்டிருக்குது."

நாற்பத்து மூன்று தலைகளும் திரும்பின.

"எந்தப் பக்கமாங்க போகுது?" என்றார் ராக்கியப்பன்.

"காலைல இருந்து இந்த வழியைத்தான் பாத்துட்டிருக்கோம். இப்படிப் போகலையே" என்றாள் கோகிலவாணி.

"அப்ப மேக்கால மூலனூர் ரோட்டுலதான் போயிருக்கோணும்" என்றார் சென்னியப்பன். "பத்து நிமிசத்துல எவ்வளவு தூரம் போயிரும்? பிடிச்சிரலாம்."

எண்பது நாற்காலிகளும் கண் மூடித் திறப்பதற்குள் கீழே இறங்கின. எல்லோருக்கும் முன்னால் கோகிலவாணி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். "அப்பா, தாம்பூலத் தட்டை எடுத்துக்குங்க. பிடிச்ச எடத்துலயே மாத்திக்கலாம்" என்றாள். நாச்சிமுத்து அவளை அப்போதுதான் பார்த்தான். இவ்வளவு தெளிவான பெண் தனக்கா என்று வியந்துகொண்டே அவனும் தொற்றி ஏறினான்.

வண்டி பறந்தது. ரங்கநாயகி அக்கா எண்பது நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு லாரி திரும்பி வந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி.

"பிடிச்சீங்களா?" என்றார் அக்கா.

"கொஞ்சத்துல தவறிப்போச்சுங்க்கா" என்றார் சென்னியப்பன். "மூலனூர் பஸ் ஸ்டாண்டுல காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர் ஒருத்தர்கிட்ட நல்ல நேரம் போயிருச்சான்னு விசாரிச்சோம். அது அப்பவே போயிருச்சு, இனி நாளைக்குக் காலைல ஒம்போதே காலுக்குத்தான் வரும், கூட்டம் நெரியும், நிக்கக்கூட எடம் இருக்காதுன்னு சொன்னாரு."

"அதனால?"

"ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் பிடிக்கறதுக்கு, அப்பாச்சியை அங்கயே நிறுத்திட்டு வந்துட்டோமுங்க்கா."