மிஷின் சொன்ன வம்சம்

நகைக்கடைக் கண்ணாடியை உடைத்த திருடன் கையைக் கிழித்துக்கொண்டான். சிந்திய ரத்தத்தைச் சோதித்த ஆய்வக மிஷின், "வடநாட்டு வம்சம், எழுபது சதவீதம்" என்றது. அவ்வளவுதான்! டிஎஸ்பி முத்துரத்தினம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஐந்து ஒடிசா பையன்களைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, ஆய்வகத்துக்கு வந்து நின்றார். அவர் தலையைக் கண்டதும் பெரிய அதிகாரிகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த புனிதவதி மாட்டிக்கொண்டாள்.

"திருடன் வடநாட்டான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

"அந்தப் பசங்க எச்சிலை எடுத்து ரத்தத்தோட ஒப்பிட்டா ஆளே தெரிஞ்சிடுங்க சார். வம்சம் சொல்றது வெறும் ஊகம்ங்க."

"மிஷினை விட நீ பெரிய ஆளா? மிஷின் பொய் சொல்லாது!"

"சரிங்க சார், எழுதிடறேன். ஆனா பூர்வீகம் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரை வச்சு முதல்ல மிஷினைச் சோதிக்கிறது எங்க வழக்கம்ங்க."

டிஎஸ்பி மீசையை முறுக்கினார். "ஏழு தலைமுறையா எங்களுக்குக் காங்கேயம்தான். என் எச்சிலை எடு!"

மறுநாள் முடிவு வந்தது. வடநாட்டு வம்சம், எண்பது சதவீதம்.

"பொய்! மிஷின் புளுகுது!" என்று மேசையில் அடித்தார்.

"பொய்யின்னா அந்த அஞ்சு பேரை விட்டுடுங்க சார். நிஜம்னா ஆறாவதா நீங்களும் போய் அவங்களோட உக்காரணுங்க."

டிஎஸ்பி செல்போனை எடுத்தார். "யோவ் ஏட்டு, அஞ்சு பேரையும் வெளிய விடு."

ஏன் என்று ஏட்டு கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"மிஷின் ரிப்பேருய்யா!"